வெயில் தாங்கும் உடம்பு தானாக வராது
கட்டட மேஸ்திரிமார்களுக்கு ஒரு திறந்த மடல்



வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கங்களில் கட்டட வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் எழுதுகிறேன். கத்திரி தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

ஒரு கட்டடத்துக்கு வீட்டுக்காரர் இருக்கிறார், கான்ட்ராக்டர் இருக்கிறார், வரைபடத்தோடு நாங்கள் இருக்கிறோம். ஆனால் காலையில் ஆட்கள் எத்தனை மணிக்கு இறங்க வேண்டும், யார் கலவை போட வேண்டும், யார் மேல்தளத்துக்கு ஏற வேண்டும், டீக்கு எப்போது விட வேண்டும் என்று சொல்வது நீங்கள். கொத்தனாரும் பெரியாளும் சித்தாளும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் உட்காருகிறார்கள், எழுந்திருக்கிறார்கள். வெயில் விஷயத்தில் ஓர் உயிர் தங்குவதும் போவதும் பல நேரம் உங்கள் ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அதனால்தான் அரசாங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சைட்டில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “அவன் வெயில்லயே பொறந்து வளந்தவன், ஒண்ணும் ஆகாது.” “இவன் டவுன் பையன், தாங்கமாட்டான்.” வெயிலைத் தாங்குவதை ஒருவருடைய பிறவிக் குணமாக, உயரத்தைப் போல, நிறத்தைப் போல நாம் பேசுகிறோம். ஓரளவுக்கு ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் திறனில் பெரும்பகுதி, சில நாள் வெயிலில் உடல் சம்பாதித்துக்கொள்வது. சில நாள் விலகியிருந்தால் கரைந்துபோவது. நேற்று இருந்தது இன்று இல்லாமல் போகலாம். இந்த ஒன்றை நாம் மனதில் வாங்கிக்கொண்டால் கோடையில் விழும் ஆட்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனித உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். பாண்டு தூக்கும்போது, மண்வெட்டி போடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட முழுதாக வேலையாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் சூடாகத்தான் உடம்புக்குள் தங்குகிறது. ஆக, வெயிலில் வேலை செய்பவருக்கு வெளியிலிருந்தும் சூடு, உள்ளிருந்தும் சூடு. இதை வெளியேற்றக் கோடையில் இருக்கும் பெரிய வழி வேர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வேர்வை தோலின் மேல் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வேர்வை அப்படிக் கொண்டுபோவதில்லை. அது உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வேலூரில் 41 டிகிரி காய்ச்சும் நாளில் ஆட்கள் சமாளித்துவிடுவதும், சென்னையில் 36 டிகிரிப் புழுக்கத்தில் அதே ஆட்கள் துவண்டுபோவதும் இதனால்தான். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வேர்வை ஆவியாக இடமில்லை. டிவியில் சொல்லும் டிகிரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த எண் நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து எடுத்தது. உங்கள் ஆள் நிற்பது கம்பி பரப்பிய தளத்தின் மேல், தலைக்கு மேலே சூரியனும் காலுக்குக் கீழே காய்ந்த தகடுமாக.

1950-களில் அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் ராணுவப் பயிற்சி முகாமில் புதிய வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். அதைத் தடுக்கத்தான் மூன்று அளவுகளைச் சேர்த்து ஒரு கணக்கு போட்டார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம். இன்றுவரை உலகம் முழுக்க வேலையிட வெப்பத்துக்கு அந்தக் கணக்கைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். அதில் ஈரத்துக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வேர்வை காயாமல் சட்டை நனைந்தே கிடக்கும் நாள்தான் கூடுதல் கவனம் வேண்டிய நாள்.

இனி பழக்கத்துக்கு வருகிறேன். இந்த மடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் ஆழ்ந்த தங்கச் சுரங்கங்களில் கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் புதிதாக இறக்கப்பட்ட ஆட்கள் வெப்பம் தாக்கிச் செத்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிந்த அந்தக் கம்பெனிகளுக்கு இரக்கம் வந்ததாகச் சொல்ல முடியாது. ஆள் சாவதால் வேலை கெட்டது. அதனால் புதிய ஆட்களைத் தரைக்கு மேலேயே சூடும் ஈரமும் நிறைந்த அறையில் தினம் நாலு மணி நேரம், எட்டு நாள் வரைக்கும், பலகை மேல் ஏறி இறங்கவைத்துப் பழக்கிய பிறகே சுரங்கத்துக்குள் அனுப்பும் முறை வந்தது. வேலை வாங்குவதில் குறியாக இருந்தவர்களே ஒப்புக்கொண்ட உண்மை இது: பழகாத உடம்பைச் சூட்டில் இறக்கக் கூடாது.

அப்படிப் பழகும்போது உடம்பில் நிஜமாகவே மாற்றம் நடக்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கிறது. வேர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, ஆனால் அதில் போகும் உப்பு குறைகிறது. இதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். சும்மா வெயிலில் நிற்பதால் மட்டும் இது முழுமையாக வராது. வெயிலில் வேலையும் செய்ய வேண்டும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. வேலையை விட்டு ஒரு வாரம் விலகியிருந்தாலே இது குறையத் தொடங்குகிறது. ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடுகிறது.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை வெப்பத்தால் நேர்ந்த தொழிலாளர் மரணங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு என்னை உலுக்கியது. ஏறத்தாழ பாதிப் பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இறந்திருக்கிறார்கள். 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் வாரத்துக்குள். வயதானவர்கள், நோயாளிகள் மட்டும் அல்ல இவர்கள். திடகாத்திரமான ஆட்கள். முதல் நாள் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று ஓடி ஓடி வேலை செய்தவர்களும் இவர்களில் இருந்திருப்பார்கள். நம் சைட்டிலும் புதிதாக வந்த பையன் அப்படித்தானே செய்வான்? மேஸ்திரி பார்க்கிறார் என்று ரெண்டு பாண்டு சேர்த்துத் தூக்குவான். தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுவான்.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதற்கு ஓர் எளிய விதியைத் தருகிறது. வெயில் வேலைக்குப் புதியவர் என்றால் முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் 20 சதவீதம் மட்டும். பிறகு நாளொன்றுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. ஏற்கெனவே இந்த வேலை தெரிந்து, இடையில் விட்டுப் போய்த் திரும்பியவர் என்றால் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள் முழு வேலை. மிச்ச நேரத்துக்கு அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் கல் நனைக்கலாம், சாமான் எண்ணி அடுக்கலாம், உள்பூச்சுக்குச் சாந்து எடுத்துக் கொடுக்கலாம். கூலி குறையாமல் நிழலில் கொடுக்க எந்த சைட்டிலும் வேலை இருக்கும்.

யார் புதியவர் என்பதிலும் நம் கண் திறக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலில் இரண்டு நாள் தூக்கமில்லாமல் வந்து இறங்கி, மறுநாள் காலையே சைட்டுக்கு வருபவர் புதியவர். ஹோலிக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வருபவரும் ஏறக்குறையப் புதியவர்தான். காய்ச்சலில் படுத்து எழுந்து வருபவர், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இங்கே வருபவர், மாதக்கணக்கில் உள்ளே டைல்ஸ் போட்டுவிட்டுத் திடீரென மேல்தளத்துக்கு அனுப்பப்படுபவர், எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். பங்குனியில் முதன்முதலாக வெயில் சுள்ளென்று ஏறும் அந்த வாரத்தில் இருபது வருட கொத்தனாரும் புதியவர்தான். நீங்களும்தான், அண்ணே. உங்கள் உடம்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழகிய உடம்பும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. சனிக்கிழமை இரவு குடித்திருந்தால் ஞாயிறு, திங்கள் வெயில் அவரை வேறு மாதிரி தாக்கும். வயிற்றுப்போக்கு ஒரு நாள் இருந்தாலே உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றியிருக்கும். ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர், சளிக்கு மாத்திரை போட்டவர், சர்க்கரை உள்ளவர், இவர்களுக்கெல்லாம் தாங்கும் அளவு குறையும். தகர ஷெட்டில் விசிறி இல்லாமல் இரவெல்லாம் புரண்டவருக்கு முந்தின நாள் சூடே இறங்கியிருக்காது. “நேத்து இதே வேலையைச் செஞ்சானே” என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது. காலையில் ஆள் எண்ணும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: “ராத்திரி தூங்கினியா? வயிறு எப்படி? மூத்திரம் மஞ்சளா போவுதா?” மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பார்கள். இரண்டு நாள் கேட்டால் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள். மூத்திரம் அடர்ந்த மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். அந்த ஆளை மேலே ஏற்றாதீர்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காட்பாடி பக்கம் ஒரு வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். மிக்ஸர் தாமதமாக வந்ததால் வேலை உச்சிவெயிலுக்குத் தள்ளிப்போனது. வைப்ரேட்டர் பிடித்திருந்த ஆளுக்குப் பின்னால் ஓர் இளைஞன் பாண்டு வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தவன் ஒரு கட்டத்தில் பாடுவதை நிறுத்தினான். நான் கவனிக்கவில்லை, பக்கத்தில் நின்ற யாரும் கவனிக்கவில்லை. மேஸ்திரி கவனித்தார். “டேய், எந்த பீம்ல ஊத்தின?” என்று கேட்டார். அவன் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். அடுத்த நொடி மேஸ்திரி அவன் கையிலிருந்து பாண்டைப் பிடுங்கிக் கீழே போட்டார். இரண்டு பேர் பிடித்து அவனைப் படியில் இறக்கினார்கள். கீழே க்யூரிங்குக்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக அவன் மேல் ஊற்றினார்கள். சட்டையைக் கழற்றி, சிமெண்ட் அட்டையால் விசிறினார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. அரை மணி நேரத்தில் தன் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொன்னான். பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். பிழைத்தான்.

அந்த மேஸ்திரி எந்தப் புத்தகமும் படித்தவரில்லை. ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றும் மருத்துவம் சொல்வதுதான். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூளைதான் முதலில் தடுமாறும். பேச்சு மாறும், பதில் மாறும், காரணமில்லாமல் கோபம் வரும், நடை தள்ளாடும். பலர் வேர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். வேலை செய்துகொண்டே வெப்பம் தாக்கியவருக்கு வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். வேர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். புத்தி தடுமாறுகிறதா என்று பாருங்கள். “பித்தம்”, “காலையில சாப்பிடல” என்று ஓரமாக உட்காரவைத்துவிட்டு வேலையைத் தொடராதீர்கள்.

அந்த நேரத்தில் முதல் வேலை உடம்பைக் குளிர்விப்பது. ஏற்றிக்கொண்டு ஓடுவது அதற்குப் பிறகு. அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் கோடையில் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பம் தாக்கியது. அங்கேயே தொட்டியில் இருந்த பனிக்கட்டித் தண்ணீரில் உடனே இறக்கிக் குளிர்வித்ததால் 274 பேரும் பிழைத்தார்கள். முப்பது நிமிடத்துக்குள் உடம்புச் சூட்டை இறக்கிவிட்டால் பிழைப்பார்கள் என்பதுதான் அதிலிருந்து கற்ற பாடம். நம் சைட்டில் பனிக்கட்டித் தொட்டி இல்லாமல் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டி இல்லாத சைட் இல்லை. 108-க்கு ஒருவர் போன் போடட்டும். அதே நேரம் மற்றவர்கள் ஆளைத் தொட்டியில் கழுத்துவரை இறக்குங்கள், தலை முங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றி விசிறுங்கள். வண்டி வந்து, உதவிக்கு வந்தவர்கள் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறி அதுவே ஆபத்தாகிவிடும்.

தண்ணீர் பற்றி. தாகம் வந்தபின் குடிப்பது போதாது. கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரேயடியாக நிறையக் குடிப்பதும் வேண்டாம். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடம்பில் உப்பு நீர்த்துப்போகும். மணிக்கணக்கில் வேர்த்தவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட மோர், நீராகாரம், கம்பங்கூழ் நம் ஊரில் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் போதும். குடம் கீழ்த்தளத்தில் இருந்தால் மேலே நிற்பவர் இறங்கி வரமாட்டார். எங்கே வேலை நடக்கிறதோ அங்கே குடம் இருக்க வேண்டும். ஒரு பையனைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்றே வைத்துக்கொள்வது வீண் செலவில்லை.

இந்த இடத்தில் சித்தாள் அக்காமார்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாததாலா? ஒதுங்க இடம் இல்லாததால். காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் சாயங்காலம்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று வாயைக் கட்டுகிறார்கள். எத்தனை குடம் வைத்தாலும் கழிப்பறை இல்லாத சைட்டில் பெண்களுக்குத் தண்ணீர் இல்லை என்றுதான் அர்த்தம். நாலு தகரமும் ஒரு கதவும் தாழ்ப்பாளும் தண்ணீர் வாளியும் போதும். வேலை தொடங்கும் அன்றே போட்டுவிடுங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று காட்டியது. முழுகாமல் இருப்பதை வேலை போய்விடும் என்று மறைப்பவர்கள் நம் சைட்டிலும் இருப்பார்கள். “சொன்னா வேலை போகாது, நிழல்ல வேலை தர்றேன்” என்று நீங்கள் முன்கூட்டியே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவையுங்கள்.

வெப்பம் ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பது ஒரு வகை. சத்தமில்லாமல் வருடக்கணக்கில் அரிப்பது இன்னொரு வகை. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்தது. ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். கடும் வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்போடு நாள்தோறும் செய்த கடும் உழைப்பு அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே தொழிலாளர்களுக்காகப் பாடுபடுபவர்கள் கொண்டுவந்த தீர்வு மூன்றே மூன்று: தண்ணீர், ஓய்வு, நிழல். நகர்த்தக்கூடிய பந்தலை வயலுக்குள் கொண்டுபோனார்கள், நேரம் வைத்து உட்காரவைத்தார்கள். அப்படி உட்கார்ந்து எழுந்தும் வெட்டிய கரும்பின் எடை குறையவில்லை.

“வேலை நேரத்தை மாற்றினால் வேலை ஓடுமா?” என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். நம் ஆட்களில் வளைகுடா போய்வந்தவர்களைக் கேளுங்கள். கத்தார் நாட்டில் 2021 முதல் ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30-க்கும் இடையில் வெளிவேலை கூடாது. நான் மேலே சொன்ன மூன்று வெப்பமானிக் கணக்கு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும். அமீரகத்திலும் சவூதியிலும் உச்சிவேளைத் தடை உண்டு. நம் பக்கத்துக் கேரளத்தில் கோடை தொடங்கியதும் தொழிலாளர் துறை உத்தரவு போட்டு, வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. அங்கெல்லாம் கட்டடங்கள் எழும்பாமல் நிற்கவில்லை.

கான்கிரீட்டுக்கு நாம் எவ்வளவு மரியாதை கொடுக்கிறோம்! காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அதை வெப்பக்கால வேலை என்று தனியாகப் பிரித்து, இன்னின்ன முன்னேற்பாடு வேண்டும் என்கிறது ஐஎஸ் 7861 விதிமுறை. ஜல்லியை நனைக்கிறோம், தண்ணீரைக் குளிரவைக்கிறோம், போட்ட தளத்துக்கு ஈரச்சாக்கு போர்த்துகிறோம். தண்ணீர் சீக்கிரம் ஆவியானால் வெடிப்பு விழும் என்று நமக்குத் தெரியும். அதே தளத்தில் நின்று ஊற்றுகிற மனிதனுக்கும் அந்த ஏற்பாட்டில் இடம் கொடுங்கள். ரூஃப் கான்கிரீட்டை நடுவில் நிறுத்த முடியாது, ஜாயின்ட் விழுந்துவிடும். அதனால்தான் தொடங்கும் நேரம் முக்கியம். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு விளக்குப் போட்டுத் தொடங்கினால் பத்து, பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம். மிக்ஸர் வராவிட்டால் அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள். உச்சிவெயிலில் ஊற்றிய கான்கிரீட்டும் நன்றாக வராது, ஊற்றியவர்களும் நன்றாக இருக்கமாட்டார்கள். கம்பி கட்டுவதையும் சென்ட்ரிங்கையும் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு உள்பூச்சு, காடி வெட்டுவது, கீழ்த்தளத்து வேலைகள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நாளுக்கு இத்தனை சதுர அடி என்று கான்ட்ராக்டர் கேட்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம் என்கிறார் வீட்டுக்காரர். பில் பாஸ் ஆகவில்லை என்கிறோம் நாங்கள். எல்லா அழுத்தமும் உங்கள் தலையில் இறங்கி, உங்களிடமிருந்து ஆட்கள் தலையில் இறங்குகிறது. கூலிக்காரருக்கோ நிழலில் உட்கார்ந்தால் பேட்டா போய்விடும் என்ற பயம். அதனால்தான் ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று அடித்துச் சொல்கிறேன். கூலி பிடித்தால் யாரும் ஓய்வெடுக்கமாட்டார்கள், மயங்கி விழும்வரை தூக்குவார்கள். வெப்பத்தால் 2030-இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2019-லேயே கணித்தது. அந்த நேரம் எப்படியும் போகத்தான் போகிறது. ஓய்வாகப் போகட்டும் என்கிறேன், ஆஸ்பத்திரியில் வேண்டாம்.

சட்டமும் உங்கள் பக்கம் நின்றிருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமே வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று சொன்னது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்தப் பணத்தை எந்த வீடும் வாங்க நேராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

ஆகவே இந்தக் கோடைக்கு நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். புதிதாக வந்தவர், திரும்பி வந்தவர் பெயர்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் வாரம் அவர்களை அளந்து வேலை வாங்குங்கள். ஒருவரைத் தனியாக வெயிலில் விடாமல் ஜோடி ஜோடியாகப் போடுங்கள். வேறு மொழிக்காரர் என்றால் அந்த மொழி தெரிந்தவரோடு சேருங்கள். மேல்தளத்தில் ஒரு தார்ப்பாய் நிழலும் ஒரு குடமும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஆட்கள் தங்கும் தகர ஷெட்டுக்கு மேலே தென்னங்கீற்று போர்த்துங்கள், ஒரு விசிறி போடுங்கள். தடுமாறுகிறவரை எப்படிக் குளிர்விப்பது என்று எல்லோருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வேலையின் வேகத்தை உங்களிடம் இருக்கும் முரட்டு ஆளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கு யாருக்கு உடம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அவரை வைத்து முடிவு செய்யுங்கள். இன்று உங்களிடம் கரண்டி பிடிக்கும் பையன்தான் நாளை மேஸ்திரி. நீங்கள் இப்போது ஆட்களை எப்படி நடத்துகிறீர்களோ அதைத்தான் அவன் தொழிலாகக் கற்றுக்கொண்டு போவான்.

இதற்கு ஆகும் தார்ப்பாய், தகரம், மோர், கூடுதல் நாட்கள் எல்லாவற்றையும் வேலை பேசும்போதே கணக்கில் சேர்க்கச் சொல்லி எங்களிடம் கேளுங்கள். என் பொறுப்பில் நடக்கும் வேலைகளுக்கு மதிப்பீட்டிலும் கால அட்டவணையிலும் அதை எழுதியே கொடுக்கிறேன். மற்றப் பொறியாளர்களிடமும் இதையே சொல்லி வருகிறேன். கேட்டும் கொடுக்கவில்லை என்றால், உச்சிவெயில் நேரத்தில் ஆட்களைக் கீழே இறக்கி வேலையை நிறுத்துங்கள். அன்றைக்கு வேலை ஏன் நின்றது என்று யார் கேட்டாலும், மேஸ்திரி செய்தது சரி என்று சொல்ல நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
ஒரு கட்டடப் பொறியாளர்